நாத்தனார் முடிச்சு

“அந்த ஸ்ட்ராவைக் கொஞ்சம் குடுங்கம்மா” என்று டாக்டர் கேட்டதும், அண்ணி தன் கையிலிருந்த மாம்பழ ஜூஸ் பாக்கெட்டிலிருந்து அதை உருவிப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தாள். அவர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் கத்தரிக்கோலை எடுத்தார். ஸ்ட்ராவில் இரண்டு இடங்களில் முக்கோணமாகச் சிறு துண்டுகளை வெட்டி நீக்கி, அந்த வெட்டுகளில் மெதுவாக மடித்தார். நேராக இருந்தது லாடம் மாதிரி வளைந்தது. அதைத் தன் தாடைக்கு நேராகப் பிடித்துக் காட்டி, “உங்க கால்ல முட்டிக்குக் கீழ ரெண்டு எலும்பு இருக்கு. பெருசுதான் உங்களைத் தாங்குது. பக்கத்துல இருக்கிற சின்னது சும்மா துணைக்கு. அந்தச் சின்னதை எடுத்து இப்படி வளைச்சுத்தான் தாடையா வைக்கப்போறோம்” என்றார். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி அந்த ஸ்ட்ராவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஏன் டாக்டர், அப்ப இனிமே நான் காலாலதான் பேசுவேனா? எங்க மாமியார் ஏற்கெனவே என் வாய் தாங்கலைங்கிறாங்க” என்றாள். டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அம்மா அன்றைக்கு எங்களோடு வரவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. அப்போது நாங்கள் அஸ்தினாபுரத்தில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருந்தோம். அம்மா, அண்ணன், அண்ணி, நான். எனக்கு இருபத்தைந்து வயது. தாம்பரத்தில் ஒரு கம்பெனியில் நாளெல்லாம் கம்ப்யூட்டரில் விலாசம் தட்டுகிற வேலை. அண்ணன் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் வேலை தெரிந்து வேலை செய்த ஒரே ஆள் அண்ணிதான்.

அண்ணி இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஸ்கூட்டியில் பம்மல், பொழிச்சலூர், மாடம்பாக்கம் என்று அவள் சுற்றாத தெரு கிடையாது. ஒரு வீட்டுக்கு முதல் தடவை போனால் பாலிசி என்ற வார்த்தையே அவள் வாயிலிருந்து வராது. தண்ணீர் கேட்டுக் குடிப்பாள். வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்து வீட்டில் எத்தனை பேர், அதில் படிக்கிற பிள்ளை எத்தனை என்று கணக்குப் போட்டுக்கொள்வாள். அந்த வீட்டம்மாவின் முட்டிவலிக்கு ஒரு தைலத்தின் பெயரைச் சொல்லிவிட்டு வந்துவிடுவாள். மூன்றாவது தடவைதான் பையிலிருந்து ஃபாரம் வெளியே வரும். பெரும்பாலும் அதற்குள் அவர்களே கேட்டுவிடுவார்கள். ஒருமுறை பொழிச்சலூருக்கு நானும் கூடப் போயிருந்தேன். அங்கே விமானங்கள் மொட்டைமாடிக் கொடியில் காயும் துணியை உரசுகிற மாதிரி தாழப் போகும். “உங்க பையன் காலேஜ் சேர்றப்ப” என்று ஆரம்பித்த அண்ணி, தலைக்கு மேல் விமானம் வந்ததும் நிறுத்தினாள். அது இரைந்துகொண்டு மீனம்பாக்கம் பக்கம் இறங்குகிற வரைக்கும் சிரித்த முகமாகவே இருந்தாள். சத்தம் போனதும், விட்ட இடத்திலிருந்து, “ஃபீஸுக்கு யார் வாசல்லயும் போய் நிக்க வேணாம் பாருங்க” என்று முடித்தாள். அந்த வீட்டம்மாள் எழுந்து போய் எங்களுக்குக் காபி கலந்து கொண்டுவந்தார்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் அதே வாய்க்கு வேறு பெயர். அம்மாவுக்கு அண்ணி ‘வாய்க்காரி’. பதில் பேசினால் வாய். பேசாமல் இருந்தால் அழுத்தம். கல்யாணமாகி ஏழு வருஷமாகப் பிள்ளை இல்லாததற்குக்கூட அம்மா அந்த வாயைத்தான் காரணம் சொன்னாள். வாய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை. நீ யார் பக்கம் என்று யாராவது கேட்டிருந்தால், அண்ணியோடு இருக்கும்போது அண்ணி பக்கம், அம்மா எதிரில் அம்மா பக்கம் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். இதைக் கௌரவமாகச் சொல்வதற்கு இத்தனை வருஷம் யோசித்தும் ஒரு வழி கிடைக்கவில்லை.

முதலில் இடது கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல் ஆடியது. தாம்பரத்தில் ஒரு பல் டாக்டர் அதைப் பிடுங்கினார். பல் போயிற்று, வீக்கம் போகவில்லை. எக்ஸ்ரே எடுத்தபோது தாடை எலும்புக்குள் சோப்பு நுரை மாதிரி குமிழ் குமிழாகத் தெரிந்தது. சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். கேன்சர் இல்லை, ஆனால் எலும்பைத் தின்றுகொண்டே போகிற கட்டி, இடது பக்கத் தாடையை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். அம்மா அரிசி களைந்துகொண்டே, யாருக்கோ சொல்வதுபோல், “நுணலும் தன் வாயால் கெடும்” என்றாள். அண்ணிக்குக் கேட்டுவிட்டது. “அத்தை, நுணலுக்குக் கால் எலும்பை எடுத்துத் தாடை கட்டிக் குடுக்க ஆள் இல்ல. எனக்கு இருக்காங்க” என்றாள். ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்வரை, கன்னம் வீங்கிய முகத்தோடேயே வீடு வீடாக ஏறி, “எனக்கு இப்படி வரும்னு நான் நெனச்சேனா சொல்லுங்க” என்று கேட்டுக் கேட்டு பாலிசி எழுதினாள்.

அவள் பயப்படவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, “எனக்கு வேற எதுவும் தெரியாதுடி. இந்த வாய் ஒண்ணுதான் கைத்தொழில்” என்றாள். எலும்பு பிடித்துக்கொண்டால் ஆறு மாதத்தில் பல் கட்டலாம், வருஷம் திரும்புவதற்குள் பழையபடி பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையைத்தான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். எந்தக் காலிலிருந்து எடுப்பது என்ற பேச்சு வந்தபோது, “ஸ்கூட்டிக்கு ரெண்டு பிரேக்கும் கையிலதான் டாக்டர். எந்தக் காலை வேணா எடுத்துக்குங்க” என்றாள்.

ஆஸ்பத்திரி நகரத்துக்குள் இருந்தது. குரோம்பேட்டையில் எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறிப் போய்வர வேண்டும். அண்ணிக்குப் பெற்றவர்கள் இல்லை. ஒரே தம்பி வடக்கே எங்கோ ராணுவத்தில் இருந்தான். தனக்கு லீவு கிடைக்காது என்று அண்ணன் கேட்டுப் பார்க்காமலே சொல்லிவிட்டான். நோயாளியோடு ஒருவர்தான் தங்கலாம், அந்த ஒருவர் மட்டும்தான் உள்ளே போய்வரலாம் என்பது அங்கே சட்டம். நான் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். அதற்காக அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை யாருக்காகவும் நான் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை என்பதால் எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஆபரேஷன் அன்று காலை நர்ஸ் வந்து, உடம்பில் பொட்டுத் தங்கம்கூட இருக்கக் கூடாது என்றார். தோடு, வளையல், மெட்டி எல்லாம் கழன்றன. கடைசியில் அண்ணி தாலிச் செயினைத் தலை வழியாகக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள். வழியனுப்ப வந்திருந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “மஞ்சக் கயிறாவது கழுத்துல இருக்கட்டுமே” என்றாள். “கழுத்துலயும்தாம்மா ஆபரேஷன்” என்றார் நர்ஸ்.

அந்தத் தாலியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவான். மீதி இரண்டையும் அவன் தங்கை மணப்பெண்ணின் பின்னால் நின்று போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்று அதற்கே பெயர். அப்போது எனக்குப் பதினெட்டு. மேளச் சத்தத்திலும் எல்லோரும் பார்க்கிற கூச்சத்திலும், கயிற்றோடு அவள் தலைமுடியையும் சேர்த்து முடிந்துவிட்டேன். குனிந்த தலையை நிமிர்த்தாமலே அவள், “கயிறை மட்டும் கட்டுங்க நாத்தனாரே. முடி எப்படியும் உங்க வீட்டுக்குத்தான் வரப்போகுது” என்றாள். அண்ணி என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான். நான் மேடையிலேயே வாய்விட்டுச் சிரித்து அம்மாவிடம் முறைப்பு வாங்கினேன்.

காலை ஏழரைக்கு உள்ளே போனவளைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுவந்தார்கள். முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. வலது காலில் முட்டிவரை கட்டு. தொண்டையில் துளை போட்டு மூச்சுக்கு ஒரு குழாய். பேச முடியாது, ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்திருந்தார்கள். அந்த டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு நிதானமாகச் சொன்னார். எலும்பை மட்டும் எடுத்து வைத்தால் அது காய்ந்த குச்சி. அதனால் அதற்கு ரத்தம் கொண்டுவருகிற குழாயோடும், ரத்தத்தைத் திருப்பி அனுப்புகிற குழாயோடும், மேலே ஒட்டிய ஒரு துண்டுத் தோலோடும் எடுத்து, கழுத்தில் ஓடும் குழாய்களோடு மைக்ராஸ்கோப்பில் பார்த்துத் தைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் சேமியா பருமன்தான். “இந்த இடது பக்கக் கழுத்துல ஒண்ணும் அழுத்தக் கூடாது. தலையணை, பெட்ஷீட் மடிப்பு, உங்க கை, எதுவுமே. அஞ்சு நாள் தாண்டிட்டா அந்த எலும்பு அவங்களுது” என்றார். மற்ற நோயாளிகளுக்கு மூச்சுக்குழாயை நாடாவால் கழுத்தைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அண்ணிக்கு மட்டும் நாடாவே போடாமல் குழாயைத் தோலோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதை நான் பார்த்தேன். எதற்காக என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

வாய்க்குள், நாக்கின் ஓரமாக, காலிலிருந்து வந்த அந்தத் தோல் தெரியும். மணிக்கொரு தரம் நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்து அதன் நிறத்தை அட்டையில் குறித்துக்கொள்வார். இளஞ்சிவப்பாக இருந்தால் எலும்பும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை எனக்கும் காட்டினார். அந்தத் தோலில் இரண்டு மூன்று பூனைமுடி இருந்தது. அண்ணியிடம் சொன்னேன். அவள் நோட்டை வாங்கி, “இனிமேல் வாயையும் ஷேவ் பண்ணணும்” என்று எழுதிக் காட்டினாள். வீங்கிய முகத்தில் சிரிப்பு தெரியவில்லை. கண் மட்டும் சிரித்தது.

மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. அன்று காலையில் அண்ணன் வேலைக்குப் போகும்போது ஜி.எஸ்.டி. ரோட்டில் மணலில் பைக் சறுக்கி விழுந்தான். முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று விட்டிருக்கலாம். அம்மா விடவில்லை. மாடம்பாக்கம் கோயிலுக்குப் போய் அவன் பெயரில் அர்ச்சனை செய்தாள். மஞ்சள் கிழங்கு கோத்த ஒரு கயிற்றை அம்பாள் காலடியில் வைத்து வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். காத்திருக்கும் ஹாலில் என்னைப் பார்த்ததும் கயிற்றை என் கையில் திணித்தாள்.

“மூணு நாளா வெறுங்கழுத்தாக் கிடக்கா. அதான் அவன் விழுந்தான். இன்னிக்கு முழங்கை, நாளைக்கு என்னவோ. போய்க் கட்டிட்டு வா.”

“கழுத்துல எதுவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரும்மா. வேணா கையில கட்டறேன்.”

“தாலியை எவளாவது கையில கட்டுவாளா? இது என்ன இரும்புச் சங்கிலியா, நூலுடி.”

“அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு…”

“கேட்டா வேணாம்னுதான் சொல்வாரு. அவரு புள்ளையா வண்டியில போறான்? நாத்தனார் நீ, நீதான் கட்டணும். உங்கண்ணனுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா நீ வந்து பதில் சொல்லு!”

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. ஹாலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், “கட்டிட்டுத்தான் வாயேம்மா, பெரியவங்க சொல்றாங்க இல்ல” என்றார். அந்தக் கயிற்றில் எனக்கு நம்பிக்கை இருந்ததா, அண்ணனுக்கு ஏதாவது ஆகும் என்று பயந்தேனா என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். நம்பிக்கையாவது பயமாவது இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அம்மா கத்துவது நிற்க வேண்டும், எல்லோரும் என்னைப் பார்ப்பது நிற்க வேண்டும், அதற்காகத்தான் உள்ளே போனேன்.

அண்ணி விழித்திருந்தாள். கயிற்றைக் காட்டி, அம்மா கொடுத்தாள் என்றேன். நோட்டுக்குக் கை நீட்டினாள். “டாக்டரைக் கேட்டியா?” என்று எழுதினாள்.

“கேட்டேன் அண்ணி. லேசாக் கட்டிக்கலாம்னாங்க” என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கயிற்றை நீளமாக விட்டால் குழாய்களில் மாட்டும், நர்ஸின் கண்ணிலும் படும். அதனால் கழுத்தோடு ஒட்டிச் சின்னதாகச் சுற்றி, பக்கவாட்டில் மூன்று முடிச்சுப் போட்டு, மஞ்சள் கிழங்கைக் கட்டுத்துணிக்கு அடியில் தள்ளிவிட்டேன். கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவே ஒரு விரல் போகிற இடம் இருந்தது. விரலை விட்டும் பார்த்தேன். அன்றைக்குத்தான் கழுத்து இன்னும் வீங்கும் என்பது எனக்குத் தெரியாது. வெளியே வந்து அம்மாவிடம் கட்டியாகிவிட்டது என்றேன். அவள் என் நெற்றியில் குங்குமம் வைத்தாள்.

நாலு மணிக்கு நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்தத் தோல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. அவர் டாக்டருக்குப் போன் செய்ய ஓடினார். அதற்குள் கட்டுத்துணி மாற்ற வந்த ஆயாம்மா போட்ட கூச்சல், கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது. “நர்ஸம்மா, இங்க வந்து பாரு! கழுத்துல இன்னாவோ கயிறு கீது. சதைக்குள்ள பூந்துகினு கீது!” கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்கள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு தியேட்டருக்கு ஓடினார்கள். ஆயாம்மா வெளியே வந்து வெட்டிய கயிற்றை என் கையில் வைத்தாள். “நீதான் கட்னியா? நல்லா கட்ன போ. அந்தப் பொண்ணு கையால இத்தப் புடிச்சு இழுத்துகினே இருந்துகீது. நானும் இன்னாவோ அரிப்புன்னு நெனச்சுகினேன்” என்றாள்.

டாக்டர் தியேட்டருக்குள் போகும் முன்பு எங்களைப் பார்த்து நின்றார். “யார் கட்டச் சொன்னது?” என்று கேட்டார். அம்மா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “அவளேதான் டாக்டர் கேட்டா. தாலியில்லாம இருக்கமாட்டேன்னு எழுதிக் காட்டினாளாம். இவ சின்னப் பொண்ணு, என்ன பண்ணுவா?” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவர் உள்ளே போய்விட்டார்.

கழுத்தைத் திரும்பத் திறந்து, உறைந்த ரத்தத்தை எடுத்து, குழாயைப் புதிதாகத் தைத்தார்கள். மறுநாள் தோல் கொஞ்சம் சிவந்தது. அதற்கும் மறுநாள் மறுபடி கறுத்தது. ஏழாம் நாள் எலும்பையும் தோலையும் வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் உலோகத் தகட்டை வைத்து, நெஞ்சுச் சதையைத் திருப்பி மூடினார்கள். காலிலிருந்து எடுத்தது காலிலும் இல்லை, வாயிலும் இல்லை என்று ஆயிற்று. டாக்டர் நேர்மையான மனிதர். “கயிறுதான் காரணம்னு நூத்துக்கு நூறு சொல்லமாட்டேன். எதுவுமே கட்டாம சிலருக்கு இப்படி ஆயிருக்கு. ஆனா அதைக் கட்டியிருக்கக் கூடாது” என்றார். அம்மா அதில் முதல் பாதியை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்து அஸ்தினாபுரம் முழுக்கச் சொன்னாள்.

அண்ணியை வார்டுக்கு மாற்றிய பிறகு ஒரு நாள் டாக்டர் கட்டிலருகே வந்து நின்று அவளைக் கடிந்துகொண்டார். “படிச்சவங்க நீங்க. ஊருக்கெல்லாம் இன்சூரன்ஸ் சொல்றவங்க. நீங்களே கயிறு கேட்டு வாங்கிக் கட்டிக்கலாமா?” என்றார். நான் தலைமாட்டில் நின்றிருந்தேன். அண்ணியின் கைக்கடியில் நோட்டு இருந்தது, பேனா இருந்தது. அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பேனாவை எடுத்தாள். அவள் எழுதி டாக்டரிடம் நீட்டியதை நானும் எட்டிப் பார்த்தேன். “எப்போது வீட்டுக்குப் போகலாம்?” என்று இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான்தான் அவளைப் பார்த்துக்கொண்டேன். மூக்குக் குழாயில் கஞ்சித் தண்ணீர் ஊற்றினேன். எச்சில் துடைத்தேன். தோளைக் கொடுத்து நடக்க வைத்தேன். அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது, மன்னிக்கப்பட்டவளின் சந்தோஷம். அண்ணி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு என் பெயரைக் காப்பாற்றினாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு பாசம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

ஆறு மாதம் கழித்து, இடது காலிலும் அதே எலும்பு இருக்கிறது, இன்னொரு முறை முயன்று பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். அண்ணி உடனே சரி என்று எழுதினாள். அண்ணன், “இருக்கிற ஒரு காலாவது உருப்படியா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனான். குறித்துக் கொடுத்த நாளில் கையெழுத்துப் போட அவன் வரவில்லை. அடுத்த நாளுக்கும் வரவில்லை. அம்மா, “அந்த ஆஸ்பத்திரி நமக்கு ராசியில்லை” என்றாள். நான் பேசியிருக்கலாம். அந்த வருஷம் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள், வீட்டில் சண்டை வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ஒரு வருஷம் ஆவதற்குள் அந்தத் தகடு கன்னத்துத் தோலைப் பொத்துக்கொண்டு வெளியே தெரிந்தது. அதையும் எடுத்துவிட்டார்கள். தாங்க எலும்பில்லாமல் அவள் முகவாய் இடது பக்கம் ஒதுங்கிவிட்டது. வாய் முழுசாக மூடாது. பேச்சு குழறும்.

நடக்கத் தெம்பு வந்ததும் அவள் மறுபடி ஸ்கூட்டியை எடுத்தாள். தனியாகப் போகமாட்டேன், கூட வா என்று என்னைக் கூப்பிட்டாள். பொழிச்சலூரில் அதே வீட்டுக்குத்தான் முதலில் போனோம். அந்த வீட்டம்மாள் அண்ணியை அடையாளம் கண்டு உட்காரச் சொன்னார். அண்ணி பேச ஆரம்பித்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. விமானம் ஏதாவது போகிறதோ என்று அவர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை. அண்ணி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அடுத்த மாதம் ஸ்கூட்டியை விற்றாள். இப்போது வேறொரு ஏஜென்டுக்கு வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஃபாரம் நிரப்பிக் கொடுக்கிறாள். அந்த ஏஜென்ட் இவளோடு போனில் பேசுவதில்லை, செய்திதான் அனுப்புவார்.

அம்மா போய் எட்டு வருஷம் ஆகிறது. கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தவளுக்கு அண்ணிதான் கஞ்சி ஊட்டினாள். அந்தக் கயிற்றைப் பற்றி அம்மா சாகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் நன்றாக இருக்கிறான். அறுபதை நெருங்குகிறான், சர்க்கரைகூட இல்லை. ஹாலில் டி.வி. முன்னால் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அண்ணி மடியில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, சமையலறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து குழைத்த சாதத்தைச் சாப்பிடுகிறாள். அவள் பேச்சு எனக்குப் பழகிவிட்டது. கட்டியவனுக்கு இன்னும் பழகவில்லை, நான் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில், “என்ன சொல்றா?” என்று என்னைத்தான் கேட்பான். மேடவாக்கத்திலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை நான் போகிறேன். அதை என் கணவர் பெரிய பாசம் என்று உறவினரிடம் சொல்லிக்கொள்கிறார்.

போன தடவை போனபோது பேப்பரில் ஒரு செய்தி வந்திருந்தது. இப்போது நம் தெற்குப் பக்கத்து ஆஸ்பத்திரிகளிலேயே கால் எலும்பில் தாடை கட்டுகிற ஆபரேஷனைச் செய்கிறார்களாம். முதலில் கம்ப்யூட்டரில் தாடையை அச்செடுத்துக்கொள்கிறார்களாம், எலும்பை எங்கே வெட்டுவது என்பதுகூட முன்கூட்டியே தயாராம், சிலருக்கு அன்றைக்கே பல்லும் கட்டிவிடுகிறார்களாம். கூடவே ஒரு பெண்ணின் படம், கையில் பாதி கடித்த முறுக்கு. காட்டுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அண்ணியே பேப்பரை இழுத்துப் படித்தாள். “முறுக்கு திங்கறாளாம்” என்றாள். துண்டால் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் படம்தான் என்னைக் கேட்க வைத்தது. அதுவரை கேட்டதில்லை, பதில் எனக்குத் தெரியும் என்றே இருந்தேன். அதை அவள் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. “அண்ணி, அன்னிக்கு டாக்டர் உங்களைத் திட்டினப்ப நோட்டு உங்க கையிலதானே இருந்தது. நான்தான் பொய் சொல்லிக் கட்டினேன்னு ஏன் எழுதலை?” என்றேன்.

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள். “எழுதியிருந்தா உன்னை வெளியில அனுப்பியிருப்பாங்க. துணைக்கு உங்கம்மாவைக் கொண்டுவந்து விட்டிருப்பாங்க. எனக்கு வேற யாருடி இருந்தா?” என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆயிற்று.

“அவ்வளவுதானா? என்னை மன்னிச்சதால இல்லையா?”

“உன்னையா?” என்றாள் அண்ணி.

ஹாலிலிருந்து அண்ணன் காபி கேட்டான். அவள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.